பெரியம்மாவுக்கு எந்த அடுப்பு

“நம்ம வீட்டுல ரெண்டு அடுப்பு எரிஞ்சா, பெரியம்மா எந்த அடுப்புல சாப்பிடுவாங்க?”

ஒன்பது வயதுப் பெண் குழந்தை கேட்ட கேள்வி இது. கேட்டபோது வீட்டுப் பெரியவர்கள் ஐந்து பேரும் பின்கட்டில்தான் இருந்தார்கள். செங்கல்லை அடுக்கிச் சேறு பூசிக்கொண்டிருந்த அவளுடைய சித்தப்பா நிமிர்ந்து பார்த்து, “எதுல ருசியா இருக்கோ அதுல” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள். அத்தோடு கேள்வி போயிற்று.

தெருவில் அந்த வீட்டுக்கு இஸ்திரி வீடு என்று பெயர். முன்னறையில் மூன்று மேசைகள். நடுமேசையில் இரண்டாவது மருமகள் நின்று தேய்ப்பாள், வாசல் மேசையில் அவள் புருஷன். உள்மேசை மூத்தவளுடையது; பிள்ளைகளுக்கு அவள் பெரியம்மா. கொழுந்தன் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு போய் விடுதிகளிலும் வீடுகளிலும் கொடுத்து, அழுக்கை வாங்கி வருவான். அவன் பெண்டாட்டி இளையவள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துணிக்கு அடையாள நூல் கட்டுவாள். மாமியார் இருந்த காலத்தில் மூத்தவள், இரண்டாமவள், இளையவள் என்றுதான் கூப்பிடுவாள். அந்த அம்மாள் போன பிறகும் அதுவே பெயராக நின்றுவிட்டது.

மூத்தவளின் புருஷன் இறந்து ஆறு வருஷம். பிள்ளை இல்லை. அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது கொழுந்தனுக்கு நாலு வயசு. அவனைக் குளிப்பாட்டித் தலை வாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அவள்தான். அவனுக்கு மீசை முளைத்த பிறகும், “காதுக்குப் பின்னாடி தேச்சியா?” என்று கேட்டு அவன் பெண்டாட்டி முன்னால் மானத்தை வாங்குவாள்.

மொத்தம் எட்டுப் பேர். உலை ஒன்று. அதை வைக்கிறவளும் மூத்தவள்தான்.

வாய்க்கால் ஓரத்துத் தெருக்களையெல்லாம் இடித்துவிட்டுப் பெரிய சாலை போடப்போகிறார்கள், இருக்கிறவர்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு தருவார்கள் என்று அறிவிப்பு வந்தது. ஒரு சமையலுக்கு ஒரு வீடு. ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேரானாலும் ஒரு குடும்பம். வீடு என்பது ஓர் அறையும் சமையல் மூலையும் மட்டும்.

“எட்டுப் பேரும் ஒரு ரூம்ல எப்படிடா?” என்றான் இரண்டாமவளின் புருஷன். “நின்னுக்கிட்டே தூங்கணும்.”

“அடுப்பைப் பிரிச்சிட்டா ரெண்டு வீடு அண்ணா” என்றான் தம்பி. “ஊரே பண்ணுது.”

“அப்ப மூணா வச்சுட்டா? அண்ணிக்கு ஒண்ணு?”

“தனியாளுக்குக் கிடையாதாம். டீக்கடையில சொன்னாங்க. ஆசைப்பட்டுப் போயி இருக்கறதும் போயிடப்போகுது.”

மூத்தவள் அரிசி களைந்தபடியே சொன்னாள்: “எனக்கு எதுக்குடா தனியா? ராத்திரி யார்கிட்ட சண்டை போட?”

இப்படியாக இரண்டாவது அடுப்பு எழுந்தது. புது அடுப்பு என்று தெரியக் கூடாதே! கொழுந்தன் இஸ்திரிப் பெட்டியிலிருந்து பொடிக் கரியை அள்ளித் தண்ணீரில் குழைத்து, செங்கல்லுக்கும் சுவருக்கும் பூசினான். பத்து வருஷப் புகை அரை மணி நேரத்தில் ஏறிவிட்டது. இஸ்திரி வீட்டுக்காரனுக்குத்தான் அந்தக் கைவேலை வரும்.

ஆனால் அன்றைக்கும் அடுத்த நாளும், குழந்தை கேட்டதைப் பெரியவர்கள் யாரும் திரும்பக் கேட்கவில்லை. ‘அண்ணி யார் பக்கம்?’ என்று வாயைத் திறந்தால், அவளைச் சுமையாக நினைப்பது போல் ஆகிவிடும். அவள் காதில் விழுந்தால் மனசு புண்படும். அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள்மேல் அவ்வளவு பிரியம். அந்தப் பிரியமே வாயைக் கட்டிப்போட்டது.

கணக்கெடுக்க வந்தவள் ஒரு நடுத்தர வயதுப் பெண். வெயிலில் முகம் கன்றிப்போய், செருப்பு வார் அறுந்து, அதை ஊக்கால் கோத்துப் போட்டிருந்தாள். குடும்பத் தலைவர்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் கொழுந்தன் அன்று சைக்கிளை எடுக்கவில்லை. விடுதிக்குக் கொடுக்க வேண்டிய மூட்டையை மூத்தவளே தலையில் தூக்கிக்கொண்டு போயிருந்தாள்.

கணக்கம்மாவுக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். அவளுக்கும் யாரோடாவது பேச வேண்டும் போலிருந்தது.

“உங்க பக்கத்து ரூம்ல வெளியூர்ப் பசங்க ஒன்பது பேரு. ஒரே ஸ்டவ். அதுவும் ஒரு குடும்பம்னுதான் எழுதணும். தலைவர் யாருப்பான்னா, இன்னைக்குச் சமையல் யாரோ அவன்தான்னு சொல்றாங்க.”

“நல்ல ஏற்பாடாத்தான் இருக்கு” என்றான் கொழுந்தன்.

“ஊருக்கு ஊரு ஒரு மாதிரிப்பா. குவாரிப் பக்கம் போனேன், பாதி வீட்டுல ஆம்பளையே இல்ல, எல்லாம் வெளிநாட்டு வேலை. ஆத்துக்கு அந்தாண்ட இன்னும் பதினெட்டுப் பேரு ஒரே உலையில சாப்பிடறாங்க. இங்க டவுன்ல முன்னாடி வீட்டுக்கு ஏழு பேரு. இப்போ மூணரை.”

“மூணரையா? அந்த அரை ஆளு எப்படி மேடம் படுப்பான்?”

“சராசரிப்பா அது!” என்று அவளும் சிரித்துவிட்டு எழுந்தாள்.

முதலில் பெரிய அடுப்பு. இரண்டாமவளின் புருஷன், கணக்கம்மாவோடு வந்த அளவு நாடாக்காரனோடு வாசலில் இருந்தான். அடுப்படியில் அவள் மட்டும்தான்.

“இந்தச் சமையல்ல சாப்பிடறவங்க எத்தனை பேரும்மா?”

“நாங்க... நாலு பேருங்க. நான், அவரு, பொண்ணு, பையன்.”

“அவ்வளவுதானா? இன்னும் யாராவது உண்டா?”

பேனா தாளுக்கு மேல் நின்றது. இரண்டாமவளின் வாய் திறந்தது. அந்த ஒரு நொடியில் அவள் கண்முன் ஒரு அறை வந்தது. சுவரோரம் அவள் பெட்டி, சன்னல் பக்கம் பிள்ளைகள், கதவைச் சாத்தினால் அவளும் புருஷனும். பதினோரு வருஷத்தில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்ததே இல்லை. கொழுந்தன் இருக்கிறான், அக்கா தூக்கி வளர்த்தவன், அவன் சொல்லாமல் விடுவானா?

“இல்லைங்க” என்றாள். “நாலுதான்.”

பேனா எழுதியது.

பின்கட்டில் கொழுந்தன் மூன்று என்றான். அவன் மனசில் கள்ளமே இல்லை. அண்ணன் இருக்கிற இடம்தானே பெரியண்ணிக்கு முறையான இடம், அங்கே சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தான்.

வெயிலில் திரும்பி வந்த மூத்தவள், “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டு முகம் கழுவப் போனாள். என் பெயரை எங்கே எழுதினார்கள் என்று அவளும் கேட்கவில்லை.

மறுபடி சோதனைக்கு வந்தாலும் வருவார்கள் என்று இரண்டு அடுப்பையும் எரியவிட்டார்கள். ஒரு வாரம் இரண்டு வாரமாயிற்று, இரண்டு வாரம் இரண்டு மாதமாயிற்று. முதலில் மூத்தவளே இரண்டு பக்கமும் சமைத்தாள். பிறகு இளையவள், “நான் பாத்துக்கறேன் பெரியக்கா, நீங்க எதுக்கு அல்லாடறீங்க” என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். உப்பு ஜாடி இரண்டாயிற்று. எண்ணெய்ப் பாட்டில் இரண்டாயிற்று. ஒரு நாள் பிள்ளைகளுக்குள், “இது எங்க சர்க்கரை” என்று சண்டை வந்தது. மூத்தவள் பகலில் இங்கேயும் மாலையில் அங்கேயுமாகத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு பக்கமும், “அங்க சாப்பிட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்” என்று சொன்ன நாட்களும் உண்டு. அன்றைக்கு அவள், “ஆமாம், ஆச்சு” என்று சொல்லிவிட்டு இஸ்திரி மேசைக்குப் போய்விடுவாள்.

வீடு கிடைத்தவர்களின் பட்டியல் ஒட்டிய அன்று கொழுந்தன் கூட்ட நெரிசலில் அவசரமாக எழுதி எடுத்துக்கொண்டு, கை நிறைய மிட்டாயோடு வந்தான். எல்லோரும் முன்னறையில் கூடினார்கள். பெண் குழந்தை காகிதத்தைப் பிடுங்கிச் சத்தமாகப் படித்தது. நான்கு பெயர், அப்புறம் மூன்று பெயர். திருப்பிப் பார்த்தது. பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“பெரியம்மா பேரு எங்க?”

“ஒழுங்காப் படிடி.”

“படிச்சேம்பா. இல்ல.”

கொழுந்தன் வாங்கிப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். “அண்ணா, நீங்க சொல்லலையா?”

“நான் வாசல்ல நின்னேன். நீ சொல்லியிருப்பேன்னு... உன்னை வளர்த்தவங்கடா அவங்க!”

“நீங்க பெரியவரு. உங்க கூடத்தானே இருப்பாங்க. அண்ணி, நீங்க சொன்னீங்கல்ல?”

இரண்டாமவள் தேய்த்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. “உங்க பக்கம்னு... நினைச்சுட்டேன்” என்றாள். பாதி உண்மை. துணி தீயும் வாசனை வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினாள்.

“எதிர்வீட்டுத் தச்சருக்குக் கிடைச்சிருக்கு” என்றான் கொழுந்தன். “தனியாளு. ஒரு அடுப்பு, ஒரு ஆளுன்னு எழுதியிருக்கு. டீக்கடைப் பேச்சைக் கேட்டு நான் ஒரு மடையன்...” தலையில் அடித்துக்கொண்டான்.

மூத்தவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். “விடுடா. எழுதினவங்க மறந்திருப்பாங்க. போய்க் கேட்டாப் போச்சு. முதல்ல மிட்டாயைக் குடு, பிள்ளைங்க முகத்தைப் பாரு.”

கணக்கெடுப்பு அலுவலகத்துக்கு மூத்தவளும் இரண்டாமவளும் போனார்கள். அதே கணக்கம்மாதான் இருந்தாள். பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அம்மா, பேரைச் சேர்க்கணும்னா மனு குடுக்கணும். மனு குடுத்தா மறுபடி ஆய்வு வரும். இந்தத் தடவை மேலதிகாரி வருவாரு. அடுப்பைத் தட்டிப் பார்ப்பாரு, அக்கம்பக்கத்துல கேப்பாரு. ஒரு குடும்பத்தை ரெண்டாக் காட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சா ஒரு வீடுதான் மிஞ்சும். மூணு தெருவுல அப்படி ஆயிடுச்சு. மனு குடுக்காம, பேரு இல்லாதவங்களை அங்க தங்க வச்சாலும் வீடு ரத்தாயிடும்.” அவள் பேனாவை மூடினாள். “நான் அன்னைக்கு ரெண்டு தடவை கேட்டேன். இன்னும் யாராவது உண்டான்னு.”

சொல்லிவிட்டு அவள் யாரையும் பார்க்கவில்லை. இரண்டாமவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூத்தவளின் கால்விரல்கள் செருப்புக்குள் மெல்ல மடங்கி விரிந்ததை அவள் பார்த்தாள்.

“மனு வேணாங்க” என்றாள் மூத்தவள்.

“அக்கா...”

“ஒருத்திக்காக ஏழு பேரு ஒரு ரூம்ல அடைபடறதா? பொண்ணு வளர்றா.” பிறகு கணக்கம்மாவிடம், “எனக்கு இஸ்திரி வேலை நல்லா வரும். தங்க இடத்தோட எங்கயாவது வேலை இருக்குமா?” என்று கேட்டாள்.

கணக்கம்மா மூடிய பேனாவைத் திறந்தாள். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் ஆள் எடுப்பதாகவும், வேலை செய்கிறவர்களுக்கு அங்கேயே அறை உண்டென்றும் சொல்லி, அறிந்தவர் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். அது அவள் வேலை கிடையாது. பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். ஆனாலும் வாசல்வரை எழுந்து வந்து, எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று கைகாட்டினாள். கடவுள் சிலசமயம் இப்படித்தான் வருவார், அறுந்த செருப்போடு.

திரும்பி வரும் வழியெல்லாம் இரண்டாமவள் சொல்லப் பார்த்தாள். பேருந்து நிறுத்தத்தில் வாயெடுத்தாள்.

“அக்கா, அன்னைக்கு அந்தம்மா கேட்டப்போ நான்...”

“உனக்கு ஜன்னல் சீட்டு வேணுமா? மயக்கம் வருமே உனக்கு” என்றாள் மூத்தவள். முகத்தில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. அதற்குமேல் எப்படிப் பேச?

இஸ்திரி வீட்டை இடிப்பதற்கு மூன்று நாள் முன்பு மூத்தவள் கிளம்பினாள். ஒரு பெட்டி, ஒரு படுக்கை. கொழுந்தன் சைக்கிளில் பெட்டியைக் கட்டும்போது கயிறு கைக்கு அடங்கவில்லை. எத்தனை மூட்டை கட்டிய கை அது! “பெரியண்ணி, ஒரு வருஷம் போகட்டும். வாடகைக்கு ஒரு இடம் பார்த்து உங்களைக் கூட்டிட்டு வந்துடறேன்” என்றான்.

“சரிடா. காதுக்குப் பின்னாடி தேச்சுக் குளி.”

அவன் அங்கேயே சுவரில் சாய்ந்து குழந்தை போல அழுதான்.

அடுக்குமாடியில் அண்ணனுக்கு ஒரு கட்டடத்தில் நான்காம் மாடி, தம்பிக்கு வேறொரு கட்டடத்தில் ஆறாம் மாடி. நடுவே ஒரு மைதானம். வாடிக்கை வீடுகள் தொலைவாகிவிட்டதால் தொழில் நொடித்தது. அண்ணன் ஒரு சலவைக் கடையில் கூலிக்கு நின்றான். தம்பி பார்சல் கொடுக்கும் வேலைக்குப் போனான். பத்து நாளைக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் அதிகம். இரண்டாமவளுக்குச் சாத்திக்கொள்ளக் கதவு கிடைத்தது. சாத்தினால், “இன்னும் யாராவது உண்டா?” என்று பேனா வந்து நிற்கும். திறந்து வைத்தே படுத்தாள். “கொசு வருதுடி” என்று புருஷன் முணுமுணுப்பான்.

மூத்தவள் ஒரே ஒரு தடவை வந்தாள். வாசலில் நின்று, “உள்ள வரலாமா?” என்று கேட்டாள். கேட்ட பிறகே அந்தக் கேள்வி எப்படிப்பட்டது என்று இருவருக்கும் தெரிந்தது. பிள்ளைகளுக்குப் பிஸ்கட் வாங்கி வந்திருந்தாள், விருந்தாளி மாதிரி. குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“இங்கயே படுத்துக்கோங்க பெரியம்மா” என்றது பெண் குழந்தை.

“அங்க ஒம்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிடுவாங்கடி தங்கம்.”

“பூட்டினா இங்க வந்துடுங்க.”

மூத்தவள் அவள் பின்னலை அவிழ்த்து, மறுபடி பின்னினாள். வெகு நேரம் பின்னினாள்.

மழைக்காலம் வந்தது. ஆஸ்பத்திரியில் கொதிதொட்டியிலிருந்து துணி எடுக்கும்போது மூத்தவளுக்கு வலது கை வெந்துவிட்டது என்று, அங்கே மருந்து வாங்கப் போன பழைய எதிர்வீட்டுத் தச்சர் வந்து சொன்னார். மறுநாள் இரண்டாமவள் சோறு வடித்துத் தூக்குப்பாத்திரத்தில் போட்டுக்கொண்டு, தூறலில் இரண்டு பேருந்து மாறிப் போனாள். இன்றைக்குக் காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள்.

சலவைப் பிரிவு ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் இருந்தது. மதிய மணி அடித்துப் பெண்கள் கூட்டமாகச் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார்கள். தாழ்வாரத்தில் மேற்பார்வைக்காரர் இன்னொருவரிடம் பேசியது காதில் விழுந்தது.

“அந்தப் புது அம்மாவுக்குக் கை முடியல, பாவம். கட்டு மாத்த வரிசையில நிக்குது. ஆனா மூணு மணிக்குள்ள படுக்கை விரிப்பு வார்டுக்குப் போகணும். நேத்தே பாதிதான் முடிச்சாங்க. இன்னைக்கும் மிச்சம் வச்சா வேற ஆளைத்தான் போடணும். நான் என்ன பண்ண? அந்த ரூமு வேலை செய்யறவங்களுக்குத்தானே.”

அவர்கள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாமவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். நீளமான கூடம். வரிசையாக மேசைகள், எல்லாம் காலி. கடைசி மேசையில் மட்டும் விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. பக்கத்தில் தேய்த்து முடித்தவை ஐந்தாறு. எல்லாம் கோணல். இடது கையால் தேய்த்தவை. மூத்தவள் தேய்த்தால் மடிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது.

அவளுக்குத் தலைப்பிரசவம் ஆன காலம் நினைவுக்கு வந்தது. இரண்டரை மாதம் காய்ச்சலாகக் கிடந்தாள். மாமியாருக்கு வேலை நின்றால் ஆகாது. விடியற்காலையில் எழுந்து, நடுமேசைப் பங்கு முழுவதையும் மூத்தவள் தேய்த்து அடுக்கிவிடுவாள். மாமியார் வந்து பார்த்தால், “இவதான் அத்தை தேச்சா. முடியாதவளுக்கு என்ன வீம்பு பாருங்க” என்பாள். ஒரு நாள்கூட அதைப் பற்றி அவளிடம் பேசியதில்லை.

இரண்டாமவள் தூக்கைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். மின்பெட்டி அவளுக்குப் பழக்கமில்லை, கரிப்பெட்டியைவிட லேசு. முதல் விரிப்பில் வேகம் பிடிபட்டது. நான்கு மூலையையும் உதறி, நடுவில் மடித்து, கரையோடு கரை சேர்த்து, நீளவாக்கில் ஓர் அழுத்து. மூத்தவள் மடிக்கிற மாதிரியே. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். கோணலாக இருந்தவற்றையும் பிரித்துத் திரும்பத் தேய்த்தாள். வெளியே மழை வலுத்தது. ஆவியில் அவள் முகம் நனைந்தது, துடைக்க நேரமில்லை.

கடைசி விரிப்பை மடிக்கும்போது, வரும் வழியெல்லாம் அடுக்கிய வார்த்தைகள் ஒன்றுகூட நினைவில் இல்லை. காலி மேசைகளைப் பார்த்து, யாரோ எதிரில் எழுதிக்கொண்டு நிற்பது போல மெல்லச் சொன்னாள்:

“அஞ்சு பேருங்க. எங்க அடுப்புல அஞ்சு பேரு.”

மேலே கேட்க வேண்டியவர் ஒருவர் கேட்டிருப்பார்.

பெட்டியை அணைத்து நிமிர்த்தி வைத்தாள். அடுக்கைக் கையால் ஒருமுறை தடவி நேராக்கினாள். கொண்டு வந்த சோற்றை மேசையில் வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள். வைத்துவிட்டுப் போனால் வந்தது யாரென்று தெரிந்துவிடும். அக்கா இன்றைக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு சாப்பிடட்டும். மாலையில் மேற்பார்வைக்காரர் அடுக்கைப் பார்த்து, “பரவாயில்லையேம்மா” என்று சொன்னால் அது அக்காவுக்கே போகட்டும்.

சாப்பிடப் போனவர்களின் பேச்சுச் சத்தம் தாழ்வாரத்தில் கேட்கத் தொடங்கியது. இரண்டாமவள் பின்வாசல் வழியாக மழைக்குள் இறங்கினாள். இடுப்பில் அணைத்திருந்த தூக்கில் சூடு இன்னும் ஆறவில்லை.